முதுகின் நிறம் மட்டும் போதாது: ரூஃபஸ், ஆலன் ஹம்மிங் பறவைகள் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் ஹம்மிங் பறவைகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இத்தனை சிறிய உயிர்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் ரூஃபஸ் ஹம்மிங் பறவையையும் ஆலன் ஹம்மிங் பறவையையும் ஒப்பிடும் பகுதியில், முதுகு செம்பழுப்பாக இருந்தால் அது ரூஃபஸ், பச்சையாக இருந்தால் அது ஆலன் என்று ஒரே விதி தரப்பட்டிருக்கிறது. அந்த விதியைப் பின்பற்றியே, ஜூலை மாதத்தில் கொலராடோவின் மலைப்பகுதியில் எடுக்கப்பட்ட ஒரு பெண் பறவையின் படத்துக்கு ஆலன் என்று பெயரும் இடப்பட்டிருக்கிறது. விதி பாதி உண்மை. படத்துக்கு இட்ட பெயரோ அநேகமாக முழுத் தவறு. சிறு பிழைதானே என்று விட்டுவிடலாம் என்றால், இந்த இரண்டு பறவைகளைப் பொறுத்தவரை அப்படி விட முடியாததற்குக் காரணங்கள் உண்டு என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ரூஃபஸும் ஆலனும் செலாஸ்ஃபோரஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அந்தப் பேரினத்துக்குள்ளும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவுடையவை. இரண்டும் மூன்று முதல் நான்கு கிராம் எடையுள்ளவை. ஆலன் சற்றே சிறியது என்றாலும், பறந்து கொண்டிருக்கும் பறவையைப் பார்த்து அந்த வேறுபாட்டைச் சொல்ல எந்தக் கண்ணாலும் இயலாது. வளர்ந்த ஆண் பறவைகள் இரண்டுக்கும் ஒளி படும்போது தீக்கங்கு நிறத்தில் மின்னும் தொண்டைத் திட்டு உண்டு. இரண்டுக்கும் உச்சந்தலை பச்சை, வாலும் விலாவும் செம்பழுப்பு, மார்பின் மேற்பகுதி வெள்ளை. மீதமிருப்பது முதுகு. ஆகவே கையேடுகள் முதுகைப் பிடித்துக் கொண்டதில் வியப்பில்லை.

ஆனால் இந்த விதி வளர்ந்த ஆண் பறவைகளை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பெண் பறவைகளில், இனம் எதுவாக இருந்தாலும், முதுகு பச்சைதான். ரூஃபஸ் பெண்ணுக்கும் பச்சை முதுகு, ஆலன் பெண்ணுக்கும் பச்சை முதுகு. இரண்டுக்கும் விலாவில் செம்பழுப்புச் சாயல், வெண்ணிற வயிறு, ஓரத்து வால் இறகுகளில் வெள்ளை நுனி, தொண்டையில் சில செம்புள்ளிகள். கட்டுரையின் விதியை அப்படியே ஏற்றால், அலாஸ்காவில் கூடு கட்டும் ஒவ்வொரு ரூஃபஸ் பெண்ணும் ஆலன் ஆகிவிடும். ஆலன் பறவையோ கலிபோர்னியாவுக்கும் ஆரிகனின் தென்முனைக்கும் வடக்கே கூடு கட்டுவதே இல்லை. முதல் ஆண்டு இளம் ஆண் பறவைகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இலையுதிர்காலத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் ரூஃபஸ் இளம் ஆண்களின் முதுகில் பச்சையும் செம்பழுப்பும் கலந்திருக்கும். குளிர்காலத்தில் இறகு உதிர்த்து முடித்த பிறகே அவை முழுச் செம்பழுப்பை அடைகின்றன. ஆக, ஆண்டின் பெரும்பகுதியில் கண்ணில் படும் பெரும்பாலான பறவைகளுக்கு முதுகு எந்த விடையையும் தருவதில்லை.

வளர்ந்த ஆண்களிலாவது விதி நிற்கிறதா என்றால், ஒரு பக்கம் மட்டுமே நிற்கிறது. முதுகு முழுக்கச் செம்பழுப்பாக உள்ள வளர்ந்த ஆணை ரூஃபஸ் என்று சொல்வதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் ரூஃபஸ் ஆண்களில் ஒரு சிறு பகுதிக்கு, இறகெல்லாம் முதிர்ந்த பிறகும், முதுகில் பாதிக்கு மேல் பச்சை இருப்பது அருங்காட்சியக மாதிரிகளை வரிசையாக வைத்துப் பார்த்தவர்கள் நன்கு அறிந்த உண்மை. சிறு பகுதிதான், எனினும் ரூஃபஸ் பறவைகளின் மொத்த எண்ணிக்கை ஆலன் பறவைகளைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பசிபிக் கரையை விட்டு விலகிய எந்த இடத்திலும், ராக்கி மலைகளிலோ மெக்சிகோ வளைகுடாக் கரையிலோ, ஒரு பச்சை முதுகு ஆண் தென்பட்டால், அது வழிதவறி வந்த ஆலன் என்பதைவிடப் பச்சை முதுகுள்ள ரூஃபஸ் என்பதற்கே வாய்ப்பு மிகுதி. செம்பழுப்பு முதுகு ஒன்றை நிறுவுகிறது. பச்சை முதுகு எதையும் நிறுவுவதில்லை. கட்டுரையாளர் இந்த ஒருதலைத்தன்மையை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

படங்களை வைத்து முடிவெடுப்போர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்தப் பறவைகளின் செம்பழுப்பும் பச்சையும் ஒரே வகை நிறங்கள் அல்ல. செம்பழுப்பு, இறகில் படிந்திருக்கும் மெலனின் நிறமியால் வருவது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அது செம்பழுப்பாகவே தெரியும். பச்சையோ நிறமியால் வருவதன்று. காற்று அடைபட்ட தட்டையான நுண்துகள்கள் இறகிழைக்குள் அடுக்கடுக்காக அமைந்து, ஒளியைப் பிரித்துத் திருப்புவதால் உண்டாவது. எனவே பார்க்கும் கோணமும் வெளிச்சத்தின் திசையும் மாறினால் அதே பச்சை வெண்கலமாகவும், மங்கிய பழுப்பாகவும், ஏன், கருப்பாகவும்கூடத் தோன்றும். தொண்டைத் திட்டு ஒரு நொடி தீயாக எரிந்து மறுநொடி கரியாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். மேகம் மூடிய நாளில் எடுத்த ஒரே ஒரு படத்தில் முதுகு செம்பழுப்பா, வெண்கலப் பச்சையா என்று வழக்காடுவதில் பயனில்லை.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. கேப்டன் குக்கின் மூன்றாம் பயணத்தின்போது, 1778-இல் வான்கூவர் தீவின் நூட்கா நீரிணைப் பகுதியை ஐரோப்பியர் அடைந்த பிறகு, அங்கிருந்து கிடைத்த பறவையின் விவரணையைக் கொண்டு 1788-இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் க்மேலின் ரூஃபஸுக்கு அறிவியல் பெயர் சூட்டினார். சான் பிரான்சிஸ்கோ பகுதிப் பறவைகளைக் கொண்டு 1829-இல் பிரெஞ்சு அறிஞர் லெசன் சாசின் என்ற பெயரில் இன்னொன்றை விவரித்தார். ஆனால் அது தனி இனம் என்பது நெடுங்காலம் யார் மனத்திலும் பதியவில்லை. கலிபோர்னியாவின் பச்சை முதுகுப் பறவைகளும் ரூஃபஸ் என்றே எண்ணப்பட்டு வந்தன. கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் உள்ள நிகாசியோவில் பறவை மாதிரிகளைத் திரட்டி வந்த சார்லஸ் ஆண்ட்ரூ ஆலன் என்பவர் இவை வேறானவை என்று கவனித்து அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்து, 1877-இல் பறவையியலாளர் ஹென்ஷா அவற்றைத் தனி இனமாக அறிவித்து ஆலன் பெயரையே இட்டார். பின்னர், லெசன் விவரித்ததும் இதே பறவைதான் என்று தெளிவானதால் அறிவியல் பெயரில் சாசின் நிலைத்தது; பொதுப் பெயரில் ஆலன் தங்கினார். முதுகின் நிறம் ஒன்றே போதுமானதாக இருந்திருந்தால் இதற்கு இவ்வளவு காலம் ஆகியிருக்காது.

சரி, உறுதியாகப் பிரித்தறிவது எப்படி? விடை வாலில் இருக்கிறது. ஹம்மிங் பறவைக்கு வாலில் பத்து இறகுகள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இரு பக்கமும் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுவது வழக்கம். வளர்ந்த ரூஃபஸ் ஆணின் இரண்டாம் இறகில், நுனிக்குச் சற்று முன்பாக, உள்விளிம்பில் ஒரு தெளிவான வெட்டு இருக்கும்; ஆலன் ஆணின் இரண்டாம் இறகில் அந்த வெட்டு இல்லை. மாறாக, ஆலனின் ஓரத்து ஐந்தாம் இறகு ரூஃபஸுடையதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு ஒடுங்கி, ஏறத்தாழ ஒரு கம்பியைப் போல இருக்கும். ஆண் பறவை வாலை விரித்துச் சோம்பல் முறிக்கும்போதோ இன்னொன்றை விரட்டும்போதோ எடுத்த கூர்மையான படத்தில் இந்த இரண்டும் தெரியும். முதுகைப் படமெடுக்கச் செலவிடும் பொறுமையில் பாதியை விரிந்த வாலுக்குச் செலவிட்டால் போதும் என்பது என் கருத்து.

பெண்களிலும் இளம் பறவைகளிலும் இதே வேறுபாடுகள் மிகத் தணிந்த அளவில் இருக்கின்றன. அங்கே வடிவத்தைக் கண்ணால் மதிப்பிடுவது போதாது. ஒவ்வொரு வால் இறகின் அகலத்தையும் அளக்க வேண்டும். அதிலும் முதலில் பறவையின் வயதையும் பாலினத்தையும் சரியாக உறுதி செய்த பிறகே அளவை ஒப்பிட முடியும்; ஏனெனில் ஒரு ரூஃபஸ் இளம் ஆணின் ஐந்தாம் இறகும் ஓர் ஆலன் பெண்ணின் ஐந்தாம் இறகும் அளவில் நெருங்கி வரக்கூடும். இதை முறைப்படுத்தித் தந்தது 1972-இல் கேரி ஸ்டைல்ஸ் வெளியிட்ட ஆய்வு. இன்றும் உரிமம் பெற்று, பறவையின் காலில் அடையாள வளையமிடுவோர், பறவையைக் கையில் பிடித்து, அலகின் பக்கவாட்டில் உள்ள நுண்வரிகளைப் பார்த்து வயதை முடிவு செய்து, பிறகு அளவுகோலை வால் இறகில் வைக்கிறார்கள். கையில் பிடித்தவர்களே இவ்வளவு தயங்கும்போது, தொலைவிலிருந்து எடுத்த படத்துக்கு இனப்பெயர் இடுவதில் நாம் காட்டும் துணிச்சல் சற்று அதிகம்தான்.

வாலின் வடிவம் வெறும் அடையாளக் குறி அல்ல என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. அதுதான் இந்த ஒப்பீட்டின் மிகச் சுவையான பகுதி. பெண்ணைக் கவர ஆண் பறவை உயரத்திலிருந்து பாய்ந்து இறங்கும்போது காற்று வால் இறகுகளின் வழியே வேகமாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் இறகுகள் படபடத்து அதிர்ந்து ஒலி எழுப்புகின்றன. ஹம்மிங் பறவைகளின் இறகு ஒலி இப்படித்தான் பிறக்கிறது என்பதைக் காற்றுச் சுரங்கத்தில் தனி இறகுகளைப் பொருத்தி கிறிஸ்டோபர் கிளார்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2011-இல் விளக்கினார்கள். இறகின் அகலமும் விறைப்பும் விளிம்பின் வெட்டும் மாறினால் அதிர்வு மாறும். அதிர்வு மாறினால் ஒலி மாறும். ரூஃபஸின் வெட்டு விழுந்த இறகும் ஆலனின் ஒடுங்கிய இறகும், ஆக, இரண்டு வெவ்வேறு இசைக்கருவிகள்.

அந்தக் கருவிகளை இயக்கும் முறையும் வேறு. ரூஃபஸ் ஆண் உயர எழும்பி, சாய்வான வளைவில் பாய்ந்து, அடிப்பகுதியில் திக்கித் திக்கி ஒலிக்கும் ஓசை ஒன்றை விட்டுவிட்டு மீண்டும் ஏறும். ஆலன் ஆணோ, பாய்வதற்கு முன்பு, பெண்ணுக்கு எதிரே ஊசல் போல இப்புறமும் அப்புறமும் பல முறை ஆடும்; ஒவ்வொரு முனையிலும் உடலை உலுக்கிக் கொள்ளும். அதன் பிறகே செங்குத்தாக உயரே சென்று, கீழே பாய்ந்து, நீண்டு ஒலிக்கும் கிறீச்சொலியோடு முடிக்கும். இந்த ஆட்டத்தை ஒரு முறை முழுமையாகப் பார்த்தவருக்கு முதுகின் நிறம் தேவைப்படாது. ஒரு நிபந்தனை மட்டும்: பாய்ச்சலைக் காட்டுவது ஆண்கள், அதுவும் பெரும்பாலும் இனப்பெருக்க காலத்தில். பெண் பறவையிடம் இந்தச் சான்றை எதிர்பார்க்க முடியாது. பெண் தனியாகவே கூட்டைக் கட்டி, சிலந்தி நூலால் பிணைத்து, இரண்டு முட்டைகளை அடைகாத்து, குஞ்சுகளை வளர்க்கிறது. ஆணுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இரண்டும் எங்கும் தெளிவாகப் பிரிந்தே இருக்கின்றன என்று சொல்ல இயலாது. தெற்கு ஆரிகனிலும் வடக்கு கலிபோர்னியாவிலும் இரு இனங்களின் எல்லைகள் சந்திக்கின்றன. அங்கே அவை கலந்து இனப்பெருக்கம் செய்கின்றன என்பதை ஆண்களின் உருவத்தையும் ஆட்டங்களையும் ஒருசேரப் பதிவு செய்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கலப்பு மண்டலத்தில் ஒரு பறவையின் வால் ஓர் இனத்தையும் ஆட்டம் மற்றோர் இனத்தையும் ஒத்திருக்கலாம். முதுகு இரண்டுக்கும் இடையில் நிற்கலாம். அத்தகைய பறவைக்கு இரண்டில் ஒரு பெயரைத்தான் தர வேண்டும் என்று வற்புறுத்துவது பறவைமீது நாம் திணிக்கும் ஒழுங்கு.

படத்தில் உள்ள பறவை ஆலனாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று நான் சொன்னதற்கு இடமும் மாதமும்தான் அடிப்படை. ரூஃபஸின் வலசை ஒரே பாதையில் போய்த் திரும்புவதல்ல. கடிகாரச் சுற்றில் அமைந்த ஒரு வட்டம். மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பிப்ரவரி தொடங்கிப் பசிபிக் கரையோரமாக வடக்கே ஏறி, ஆரிகன், வாஷிங்டன், பிரிட்டிஷ் கொலம்பியா வழியாகத் தெற்கு அலாஸ்கா வரை செல்கிறது. ஏறத்தாழ வட அட்சம் 61 பாகை வரை கூடு கட்டும் இந்தப் பறவைதான் ஹம்மிங் பறவைகளிலேயே மிக வடக்கே இனப்பெருக்கம் செய்வது. திரும்பும்போது சியரா நெவாடா, ராக்கி மலைத்தொடர்களின் உயர்ந்த புல்வெளிகளில் கோடை மலர்கள் விரியும் காலத்தைப் பிடித்துக் கொண்டு இறங்குகிறது. முதலில் வளர்ந்த ஆண்கள், ஜூன் இறுதியிலேயே கிளம்பிவிடும், அடுத்துப் பெண்கள், கடைசியில் இளம் பறவைகள். கொலராடோவின் மலைகளில் ஜூலையில் ரூஃபஸ் வந்து சேர்வது ஆண்டுதோறும் எதிர்பார்க்கப்படும் நிகழ்வு. ஆலனின் வலசைக்கும் இது போன்ற சுற்று உண்டு. ஆனால் அளவில் மிகச் சிறியது. கலிபோர்னியாவின் கடற்கரைப் பட்டையில் ஜனவரியிலேயே வந்து இறங்கி, மற்ற வலசைப் பறவைகள் வரத் தொடங்கும்போது முட்டையிட்டு முடித்து, கோடையின் முற்பகுதியிலேயே மத்திய மெக்சிகோவுக்குத் திரும்பத் தொடங்கிவிடும். அதன் வழியில் கொலராடோ இல்லை.

ரூஃபஸ் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஐயத்துக்கு இடமில்லாத சான்று ஒன்று உண்டு. 2010 ஜனவரியில் புளோரிடாவின் டலஹாசியில் வளையமிடப்பட்ட ஒரு ரூஃபஸ் பெண், அதே ஆண்டு ஜூன் இறுதியில் அலாஸ்காவின் செனேகா வளைகுடாவில் மீண்டும் பிடிபட்டது. இரண்டு இடங்களுக்கும் இடையே நேர்கோட்டில் 5,600 கிலோமீட்டருக்கு மேல். அது பெண் பறவை என்பதைக் கவனிக்க வேண்டும்: பச்சை முதுகு கொண்டது. கையில் பிடித்து அளந்து, வளையமிட்டிருந்ததால்தான் இந்தச் செய்தி அறிவியலுக்குக் கிடைத்தது. பறவைகளுக்காகத் தொங்கவிடும் சர்க்கரை நீர்க் குடுவை அருகே படமெடுத்து முதுகைப் பார்த்துப் பெயரிட்டிருந்தால், புளோரிடாவில் ஓர் ஆலன், அலாஸ்காவில் நம்ப முடியாத இன்னோர் ஆலன் என்று இரண்டு பொய்ப் பதிவுகள் மிஞ்சியிருக்கும்.

இந்த நீண்ட பயணம் நடுவில் உள்ள மலைப் புல்வெளிகளை நம்பியிருக்கிறது. கிழக்குக் கலிபோர்னியாவின் மலைகளில் 1980-களின் தொடக்கத்தில் நடந்த ஓர் ஆய்வில், பறவைகள் வழக்கமாக அமரும் குச்சிக்குப் பதிலாக நுண்ணிய தராசுகளை வைத்து, வலசையில் இருந்த ரூஃபஸ் பறவைகளைப் பிடிக்காமலேயே நாள்தோறும் எடை பார்த்தார்கள். ஒவ்வொரு பறவையும் ஒரு மலர்த்திட்டைக் கைப்பற்றிக் காவல் காத்தது. எடை எந்தப் பரப்பில் மிக வேகமாகக் கூடுகிறதோ அதற்கேற்பத் தன் எல்லையைப் பெருக்கியும் சுருக்கியும் கொண்டது. போதுமான கொழுப்பு சேர்ந்ததும் கிளம்பிவிட்டது. ரூஃபஸ் சண்டைக்காரப் பறவை என்று கட்டுரையில் சொல்லப்பட்டிருப்பது உண்மைதான், ஆனால் அது குணக்கோளாறாகச் சொல்லப்பட்டிருக்கிறது; அடுத்த மலைவரை பறக்கப் போதுமான எரிபொருள் சேருமா என்ற கணக்கே அந்தச் சண்டையின் வேர். எந்த மலரில் எப்போது தேன் குடித்தோம், அது மீண்டும் சுரக்க எவ்வளவு நேரமாகும் என்பதை இந்தப் பறவைகள் நினைவில் வைத்திருக்கின்றன என்பதைக் கனடாவின் ராக்கி மலைகளில் செயற்கை மலர்களை வைத்து நடத்திய சோதனைகள் காட்டியுள்ளன. 10 நிமிடத்தில் நிரம்பும் மலரையும் 20 நிமிடத்தில் நிரம்பும் மலரையும் பிரித்தறிந்து அவை ஏற்ற நேரத்தில் திரும்பி வந்தன என்பது 2006-இல் வெளியான முடிவு. எரிபொருள் கணக்கை இவ்வளவு நுட்பமாகப் போட வேண்டிய தேவை ஆலனுக்கு இந்த அளவில் இல்லை.

ஆலனைப் பற்றிக் கட்டுரை சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு, அது முக்கியமானது. ஆலன் ஒரே மாதிரியான பறவை அல்ல. அதில் இரண்டு துணையினங்கள் உள்ளன. வலசை போவது ஒன்று. வலசையே போகாமல் தெற்குக் கலிபோர்னியாவை ஒட்டிய சானல் தீவுகளில் ஆண்டு முழுவதும் தங்கிவிடுவது மற்றொன்று. இதை 1929-இல் பறவையியலாளர் கிரின்னல் தனித் துணையினமாக விவரித்தார். இந்தத் தங்கும் பறவைகள் 1960-களில் எதிர்க்கரையில் உள்ள பாலோஸ் வெர்டெஸ் தீபகற்பத்தில் கூடு கட்டத் தொடங்கின. அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்சு மாவட்டங்களின் தோட்டங்களுக்குப் பரவின. குளிர்காலத்திலும் பூக்கும் அயல்நாட்டுச் செடிகளும் வீடுதோறும் தொங்கும் சர்க்கரை நீர்க் குடுவைகளும் அவற்றுக்குத் துணை நின்றன. நகரப் பகுதியில் அவை பெருகியிருப்பதை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பொதுமக்கள் இட்ட பதிவுகளைக் கொண்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வு விளக்குகிறது. ஆகவே, லாஸ் ஏஞ்சலஸில் மார்ச் மாதத்தில் ஒரு பச்சை முதுகுப் பெண்ணைப் பார்த்தால், அது தங்கும் ஆலனாக இருக்கலாம், வலசை போகும் ஆலனாக இருக்கலாம், வடக்கே சென்று கொண்டிருக்கும் ரூஃபஸாகவும் இருக்கலாம். கூட்டில் அமர்ந்திருந்தால் ரூஃபஸை நீக்கிவிடலாம். இல்லையென்றால் மூன்றும் வாய்ப்புள்ளவை.

பெயர் விஷயத்தில் இவ்வளவு கவனம் ஏன் என்ற கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. ரூஃபஸின் எண்ணிக்கை கடந்த அரை நூற்றாண்டில் கடுமையாகக் குறைந்திருக்கிறது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் அதை அச்சுறுத்தலை நெருங்கிய இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. கடந்த 50 ஆண்டுகளில் பாதிக்கும் மேல் குறைந்து, இதே போக்கு நீடித்தால் அடுத்த 50 ஆண்டுகளில் மேலும் பாதியை இழக்கக்கூடிய 70 பறவையினங்களின் பட்டியலை அமெரிக்கப் பறவைகளின் நிலை குறித்த 2022 அறிக்கை வெளியிட்டது; அதில் ரூஃபஸும் ஆலனும் இரண்டுமே இடம்பெற்றன. இங்கே ஆலனின் நிலைதான் புரிந்துகொள்ளச் சிக்கலானது. நகரத் தோட்டங்களில் தங்கும் துணையினம் பெருகுகிறது. கடற்கரைப் புதர்க்காடுகளை நம்பி வலசை போகும் துணையினத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. இரண்டையும் ஒரே எண்ணில் கூட்டினால் ஒன்றின் பெருக்கம் மற்றதன் சரிவை மறைத்துவிடும். அதோடு அடையாளம் தெரியாத ரூஃபஸ் பெண்களையும் ஆலன் கணக்கில் சேர்த்தால், சரிந்து வரும் ஓர் இனத்தின் பறவைகளை எடுத்து இன்னோர் இனத்தின் கணக்கில் வரவு வைத்ததாகும். இன்றைய எண்ணிக்கைகளின் பெரும்பகுதி, விருப்பத்தால் பறவை பார்ப்போர் தரும் பதிவுகளிலிருந்து வருகிறது என்பதால், அவர்கள் படித்துப் பழகும் விதி எது என்பது வெறும் ஏட்டுச் சிக்கல் அல்ல.

இதற்கான நேர்மையான வழி ஏற்கெனவே இருக்கிறது. ஈபேர்ட் தளத்தில் 'ரூஃபஸ் அல்லது ஆலன்' என்றே ஒரு தனி வகை உண்டு. உறுதியான சான்று கிடைக்காத பறவைகளை அதில் பதிவு செய்யலாம். அனுபவம் மிக்கவர்கள் தயக்கமின்றி அதைப் பயன்படுத்துகிறார்கள். புதியவர்களோ அதைத் தோல்வியாக எண்ணி ஒதுக்குகிறார்கள். அலைபேசிச் செயலிகள் படத்தைப் பார்த்தவுடன் ஒரே பெயரைச் சொல்லிவிடுவது இந்த மனப்பான்மையை மேலும் வளர்க்கிறது. அந்தச் செயலிகள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை; தொடக்கநிலையில் அவை நல்ல துணை. ஆனால் படத்தில் இல்லாத வால் இறகை எந்தச் செயலியாலும் அளக்க முடியாது. அது சொல்லும் விடையில் இடமும் மாதமும் எவ்வளவு, பறவையின் உருவம் எவ்வளவு என்பதும் நமக்குத் தெரிவதில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, கொலராடோ படத்துக்கான பெயரைத் திருத்தி, அதை 'ரூஃபஸ் அல்லது ஆலன், பெண். இடத்தையும் மாதத்தையும் கருதினால் அநேகமாக ரூஃபஸ்' என்று வெளியிட வேண்டும். சற்று நீளமான தலைப்புத்தான், ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று இருக்கிறது. இரண்டாவது, முதுகு நிறம் பற்றிய விதியை அடுத்த இதழில் ஒரு குறிப்பாக விளக்க வேண்டும்: அது வளர்ந்த ஆண்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதும், செம்பழுப்பு முதுகுக்கு மட்டுமே அது நம்பகமானது என்பதும் அந்தக் குறிப்பில் இடம்பெற்றால் போதும். படத்தை எடுத்தவரிடம் அதே பறவை வாலை விரித்த நிலையில் எடுத்த வேறு படங்கள் இருந்தால், அவற்றைப் பெற்று, ஹம்மிங் பறவைகளுக்கு வளையமிடும் ஒருவரிடம் காட்டிக் கேட்பதும் நல்லது. இரண்டாம் இறகும் ஐந்தாம் இறகும் தெளிவாகத் தெரிந்தால், மேற்சொன்ன தலைப்பில் 'அநேகமாக' என்ற சொல்லை நீக்க முடியுமா என்று அவர் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்